ஆலையா, சாலையா: புதுச்சேரியில் கேசட்டை டிஜிட்டல் ஆக்கித் தரும் ஒரு மாடிக் கடை

முதலில் கடையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். புதுச்சேரி காந்தி வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில், தையல் கடைக்கு மேலே மாடியில் இருக்கிறது. பெயர்ப் பலகை கிடையாது. கேசட்டிலும் ஸ்பூல் டேப்பிலும் பதிந்த ஒலியை டிஜிட்டலாக மாற்றித் தருவதுதான் அங்கே வேலை. ஒரே ஒருவர் செய்கிறார். அறுபதைத் தாண்டியவர். ரேடியோ ரிப்பேரில் தொழிலைத் தொடங்கியவர் என்பதால் அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் அவர் ரேடியோ அண்ணன். அறுபது நிமிடம் ஓடும் சி-60 கேசட்டுக்கு 250 ரூபாய், தொண்ணூறு நிமிடம் ஓடும் சி-90க்கு 350. நாடா அறுந்திருந்தாலோ பூஞ்சை பிடித்திருந்தாலோ அதற்கு மேல் 100. நான் 34 கேசட் கொடுத்தேன். 32 முடிந்து கைக்கு வந்திருக்கிறது, 9,900 ரூபாய் ஆனது. களப்பணியில் பதிந்த கேசட்டுகளைப் பரணில் போட்டுவிட்டு மறந்துபோன ஆசிரியர்கள் என்னைப்போல் பலர் இருப்பார்கள். அவர்கள் கண்ணில் பட வேண்டும் என்றுதான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

நான் கடலூர்க்காரி. திருப்பாதிரிப்புலியூரில் வீடு, கல்லூரியில் தமிழ் நடத்துகிறேன். 1995லும் 96லும் முனைவர் பட்ட ஆய்வுக்காக நெல்லிக்குப்பம், பண்ருட்டி, குறிஞ்சிப்பாடி சுற்றுவட்டாரத்தில் நடவுப் பாட்டும் ஒப்பாரியும் சேகரித்தேன். துறைக்கு மொத்தமே ஒரு டேப்ரிக்கார்டர்தான். வெள்ளிக்கிழமை மாலை கையெழுத்துப் போட்டு வாங்கிப்போய்த் திங்கட்கிழமை காலையில் ஒப்படைத்துவிட வேண்டும். நடவுப் பாட்டு கேட்டால் பெண்கள் சிரித்துக்கொண்டே பாடிவிடுவார்கள். ஒப்பாரி அப்படி இல்லை. சாவு விழாத வீட்டுக்குள் ஒப்பாரிச் சத்தம் கேட்கக் கூடாது. அதனால் ஏரிக்கரைக்கோ மோட்டார் கொட்டகைக்கோ என்னைக் கூட்டிப்போய், ஆள் நடமாட்டம் இல்லை என்று பார்த்துக்கொண்டு, அப்புறம்தான் வாயைத் திறப்பார்கள். எனக்காக மாதிரிக்குப் பாடத் தொடங்குவார்கள், நாலு அடி போவதற்குள் உண்மையாகவே அழுதுவிடுவார்கள். செத்துப்போன அம்மா, புருஷன், போன வருஷம் பறிகொடுத்த பிள்ளை என்று ஒவ்வொருவருக்கும் ஒருவர் நினைவுக்கு வந்துவிடுவார். ரிக்கார்டரை நிறுத்துவதா வேண்டாமா என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பேன். பெரும்பாலும் நிறுத்தவில்லை.

பாட்டையெல்லாம் எழுதி ஆய்வேட்டின் பின்னிணைப்பில் சேர்த்தாயிற்று, 1997இல் பட்டமும் வந்தது. எழுதி முடித்த பிறகு கேசட்டால் என்ன பயன் என்பதுதான் அன்றைக்குப் பொதுவான எண்ணம். காசு மிச்சம் என்று, எழுதி முடித்த கேசட்டிலேயே அடுத்த ஊர்ப் பாட்டைப் பதிந்தவர்களை எனக்குத் தெரியும். அவர்கள்மேல் குற்றமில்லை. ஏட்டில் ஏறியதுதான் சான்று என்று எங்களுக்குச் சொல்லித் தந்திருந்தார்கள். எனக்கு மட்டும் அந்தக் குரல்களை அழிக்க மனம் வரவில்லை. ஓர் இரும்புப் பெட்டியில் போட்டு மாடி அறையில் வைத்தேன். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூரைப் புரட்டிப்போட்டபோது அந்த அறையின் சிமெண்ட் ஷீட் பறந்து, பெட்டிக்குள் தண்ணீர் போய்விட்டது. கேசட்டுகளைத் துடைத்து வெயிலில் காயவைத்தேன். வெயிலில் வைத்திருக்கக் கூடாது, நிழலில் ஃபேன் காற்றில் உலர்த்தியிருக்க வேண்டும் என்று ரேடியோ அண்ணன் பிறகு சொன்னார்.

இவரிடம் போவதற்கு முன்பு வேறு ஓர் ஊரில் ஒரு ஸ்டுடியோவில் நான்கு கேசட்டைக் கொடுத்துப் பார்த்தேன். கேசட்டுக்கு 100 ரூபாய், மறுநாளே பென்டிரைவில் போட்டுத் தந்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்து கேட்டால் வயிறு எரிந்தது. இரைச்சலை எடுக்கிறேன் என்று மென்பொருளில் போட்டு அலசியிருந்தார்கள். பாடுகிற அம்மாவின் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது. சுற்றி உட்கார்ந்திருந்த பெண்கள் ஒவ்வோர் அடி முடியும்போதும் மெல்ல விசும்பி "ஆமாம்மா" என்பார்கள். அது துடைத்து எடுக்கப்பட்டிருந்தது. பாட்டுக்கு நடுவே பேசிய பேச்சும் இல்லை. கேட்டதற்கு, "பாட்டு மட்டும்தானே மேடம் வேணும், பேச்சு வேஸ்ட்டுன்னு வெட்டிட்டோம்" என்றார்கள். அந்தப் பேச்சில்தான், அந்தப் பாட்டை யாரிடம் கற்றேன், யார் சாவில் முதலில் பாடினேன் என்று அந்த அம்மா சொல்லியிருந்தார். நல்லவேளை, கேசட்டுகளைக் கையோடு திருப்பி வாங்கி வந்திருந்தேன்.

இந்த ஆண்டு பொங்கல் கழிந்து ஒரு செவ்வாய்க்கிழமை பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். ரேடியோ அண்ணன் பெட்டியைத் திறந்து ஒரு கேசட்டை எடுத்தார். எத்தனை இருக்கிறது, எப்போது வேண்டும் என்று எதுவும் கேட்கவில்லை. முதலில் மூக்கருகே வைத்து மோந்தார். அப்புறம் ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து எனக்கும் காட்டினார். பழுப்பு நாடாச் சுருளின் ஓரத்தில் விபூதி தூவினாற்போல் வெள்ளையாகப் பூஞ்சை. "இத அப்படியே டெக்குல போட்டா ஹெட்டும் போச்சு, அடுத்து போடற கேசட்டும் போச்சு டீச்சர்" என்றார். டெக் என்பது கேசட்டை ஓட்டும் மெஷின், ஹெட் அதில் நாடாவைத் தொட்டு ஒலியைப் படிக்கும் பாகம். அப்படி எட்டுக் கேசட்டைத் தனியாகப் பிரித்து ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் மூடிவைத்தார்.

அடுத்து ஒரு நீள நோட்டை எடுத்தார். இந்தக் கடையை நான் மற்றவர்களுக்குச் சொல்வதற்கு முதல் காரணம் அந்த நோட்டு. ஒரு கேசட்டுக்கு ஒரு பக்கம். பக்கத்தில் பேனாவால் கோடு போட்டு ஐந்து கட்டம். யார் குரல், எந்த ஊர், எப்போது, எந்த மெஷினில் பதிந்தது, யார் கேட்கலாம். நூலகத் துறையில் மீத்தரவு என்று இதைத்தான் பெரிதாகப் பாடம் நடத்துகிறார்கள். இவர் வாடிக்கையாளர்களிடம் பட்டுப் பட்டுக் கற்றுக்கொண்டிருக்கிறார். 34 பக்கமும் நிரம்பாமல் கேசட்டை வாங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். நாளைக்கு எழுதித் தருகிறேன் என்பவர்கள் யாரும் எழுதித் தந்ததில்லையாம். என் பழைய களப்பணிக் குறிப்பேட்டைக் கொண்டுபோயிருந்ததால் பிழைத்தேன். இரண்டரை மணி நேரம் ஆனது.

ஐந்தாவது கட்டம் எதற்கு என்று கேட்டேன். அவரிடம் ஆரம்பத்தில் வந்த கேசட்டுகள் பெரும்பாலும் சொல்தா குடும்பத்துக் கேசட்டுகள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்து, பிரான்சில் குடியேறிய புதுச்சேரிக்காரர்களைச் சொல்தா என்பது இங்கே வழக்கம். எழுதப் படிக்கத் தெரியாத அம்மாவுக்குக் கடிதம் போட்டு என்ன செய்வது என்று அங்கிருந்து கேசட்டில் பேசி அனுப்புவார்கள், இங்கிருந்து பதில் பேசி அனுப்புவார்கள். ஒருமுறை ஒரு வீட்டில் அப்பா சொத்து விஷயம் பேசியிருந்த கேசட்டை அண்ணன்காரன் கொண்டுவந்து மாற்றியிருக்கிறான். பிறகு தம்பி வந்து ஒரு காப்பி கேட்க, இவரும் வீட்டு ஆள்தானே என்று கொடுத்துவிட்டார். குடும்பம் இரண்டாகப் பிரிந்தது. "அன்னைலேருந்து இந்தக் கட்டம் நிரம்பாம நான் மெஷின ஓட்டறதில்ல" என்றார்.

நான் அந்தக் கட்டத்தில் எழுதாமல் நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். 1996இல் அந்தப் பெண்களிடம் பாடுங்கள் என்று கேட்டேன், பாடினார்கள். இதை யார் யாருக்குப் போட்டுக் காட்டலாம் என்று ஒருவரிடமும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை, என் நெறியாளருக்கும் தோன்றவில்லை. கடைசியில் 34 பக்கத்திலும் "குடும்பத்தாரிடம் கேட்ட பிறகு" என்று எழுதினேன்.

இனி வேலையைப் பற்றி. மூன்றாவது தடவை போனபோது என்னை உட்காரவைத்து ஒரு சோனி கேசட்டை ஓடவிட்டார். குரல் போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் மந்தமாக இருந்தது. எனக்குப் பழக்கமான ஒலிதான். ஆய்வேடு எழுதிய காலத்தில் இப்படித்தான் கேட்டது. "இதப் பதிஞ்ச மெஷின்லயே போட்டுக் கேட்டு எழுதினீங்களா?" என்றார். இல்லை, ரிக்கார்டரைத் திங்கட்கிழமை துறையில் கொடுத்துவிட வேண்டும், எழுதியதெல்லாம் வீட்டிலிருந்த, ரேடியோவும் டேப்பும் சேர்ந்த டூ-இன்-ஒன்னில் போட்டுத்தான் என்றேன். தலையாட்டினார். டெக்கின் மூடியைக் கழற்றி, ஹெட்டுக்குப் பக்கத்திலிருக்கும் சின்னத் திருகில், தட்டார் வைத்திருப்பதுபோன்ற மெல்லிய திருப்புளியை வைத்தார். கேசட் ஓடிக்கொண்டே இருந்தது. கால் சுற்றுகூட இல்லை, மயிரிழை அளவு திருப்பினார். முதலில் சில்வண்டுச் சத்தம் வந்தது. அப்புறம் கண்ணாடி வளையல் உரசியது. அப்புறம் அந்த அம்மாவின் குரல் போர்வையை விலக்கிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தது.

அவர் விளக்கியதை என் சொல்லில் தருகிறேன். கேசட்டின் நாடா 4 மில்லிமீட்டர்கூட அகலமில்லாதது, நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் வேகத்தில் ஓடுவது. ஹெட்டில் உள்ள மெல்லிய பிளவு அந்த நாடாவுக்கு நேர் செங்குத்தாக நிற்க வேண்டும். பதிந்த மெஷினில் அது கொஞ்சம் சாய்ந்திருந்தால் அதே சாய்வுள்ள மெஷினில்தான் தெளிவாகக் கேட்கும். வேறு மெஷினில் போட்டால் கூர்மையான ஒலிகள்தாம் முதலில் தொலையும். நம் பேச்சில் சகரம்போன்ற உரசல் ஒலிகள் இருக்கும் இடம் அது. அதனால்தான் நோட்டில் நான்காவது கட்டம். ஒவ்வொரு கேசட்டுக்கும், சில சமயம் ஒவ்வொரு பக்கத்துக்கும், அந்தத் திருகைக் காது கொடுத்துச் சரிசெய்த பிறகுதான் பதிவைத் தொடங்குகிறார். அந்த 100 ரூபாய்க் கடைக்கும் இவருக்கும் உள்ள வித்தியாசம் இங்கே தொடங்குகிறது.

அந்தக் கேசட் நெல்லிக்குப்பத்தை அடுத்த ஓர் ஊரில் பதிந்தது. பாடியவர் எழுபது வயதுக்கு மேற்பட்ட ஓர் அம்மா. என் ஆய்வேட்டில் அவர் பாடியது இப்படி அச்சாகியிருக்கிறது:

ஆலையோரம் மரமிருக்க
தங்க ஒரு நிழலில்லையே

நெல்லிக்குப்பத்தில் 1842ஆம் ஆண்டிலிருந்தே சர்க்கரை ஆலை உண்டு. கரும்பும் ஆலைச் சங்கும் அந்த ஊர் மக்களின் வாழ்க்கையோடு கலந்தவை. எனக்கு ஒப்பாரிக்குள் ஆலை கிடைத்துவிட்டது. விதவையின் துயரமும் ஆலைத் தொழிலும் என்று இரண்டு பக்கம் எழுதினேன். கீழே அடிக்குறிப்பில் "இவ்வடிகளில் மோனை அமையவில்லை" என்றும் சேர்த்தேன்.

திருகு திரும்பிய பிறகு அந்த அம்மா பாடியது "சாலையோரம் மரமிருக்க" என்று கேட்டது. மூன்று தடவை போட்டுக் கேட்டேன். சாலையோரம்தான். அடியின் தொடக்கத்தில் இருந்த ஒரு சகரத்தை டூ-இன்-ஒன் விழுங்கியிருக்கிறது. "சாலை"யின் சகரத்துக்கு அடுத்த அடித் "தங்க"வின் தகரம் மோனை. எழுத்தே அறியாத அந்த அம்மா மோனை பிசகாமல்தான் பாடியிருக்கிறார். பட்டம் வாங்கிய நான் அவர் பாட்டில் குறை எழுதிவைத்திருக்கிறேன். அந்த இரண்டு பக்கத்தையும் மேற்கோள் காட்டிய வேறு ஆய்வேடுகளையும் பார்த்திருக்கிறேன்.

இத்தனை வருஷத்தில் அது தவறு என்று ஒருவரும் சொல்லவில்லை. சொல்ல வழியும் இல்லை. ஒருவர் கல்வெட்டைத் தவறாகப் படித்தால் அடுத்தவர் மைப்படியை எடுத்துப் பார்த்துத் திருத்தலாம். சுவடியில் பாடபேதம் வந்தால் இன்னொரு சுவடியோடு ஒப்பிடலாம். நாட்டுப்புறப் பாட்டில் நாங்கள் கேட்டதை எழுதி, எழுதியதையே மூலம் என்று கொடுத்தோம். உண்மையான மூலம் என் இரும்புப் பெட்டிக்குள் கிடந்தது. குரலைப் பாதுகாத்து மற்றவர் கேட்கும்படி வைப்பது ஆய்வு முடிந்த பிறகு செய்யும் நல்ல காரியம் என்று நினைத்திருந்தேன். அது இல்லாமல் என் ஆய்வே முழுமையாகவில்லை என்பதை அந்த மாடியில் உட்கார்ந்துதான் தெரிந்துகொண்டேன்.

இன்னொன்று. சி-90 கேசட்டுகள் சிலவற்றில், அந்தப் பெண்கள் பாடத் தொடங்குவதற்கு இரண்டு நொடி முன்பே அவர்கள் பாடப்போவது மிக மெல்லியதாகக் கேட்கிறது. நிசப்தத்தில் ஒரு நிழல்போல. எனக்கு உடம்பு சிலிர்த்தது. பேய் பிசாசு ஒன்றுமில்லை. நாடா ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றிக் கிடப்பதால் ஒரு சுற்றில் உள்ள காந்தப் பதிவு அடுத்த சுற்றிலும் லேசாக ஒட்டிவிடுகிறது. சி-90இல் நாடா இன்னும் மெல்லியது, அதனால் அதிகம். வருஷக்கணக்கில் ஓட்டாமல் வைத்தாலும் அதிகமாகும். ஓட்டுவதற்கு முன்பு ஒருமுறை முழுக்கச் சுற்றியெடுத்தால் கொஞ்சம் குறையும் என்று ஒவ்வொன்றையும் மெதுவாக முன்னும் பின்னும் சுற்றுகிறார். அதற்குமேல் அந்த நிழலை மென்பொருளால் அழிக்க மறுத்துவிட்டார். நானும் வேண்டாம் என்றேன்.

அவர் தருவது இரண்டு வகை ஃபைல். ஒன்று மூலம்: வேவ் வடிவில், 96 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் (ஒலியை எவ்வளவு நுணுக்கமாகப் பதிகிறது என்பதன் அளவுகள்), எந்தத் திருத்தமும் இல்லாதது. இன்னொன்று போனில் கேட்க எம்பி3. ஒலிக் காப்பகங்களின் பன்னாட்டுச் சங்கமான ஐஏஎஸ்ஏ குறைந்தது 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் வேண்டும், முடிந்தால் 96 நல்லது, மூலப் பிரதியில் கைவைக்கக் கூடாது என்கிறது. அண்ணன் அந்த வழிகாட்டியைத் தாளில் எடுத்துச் சுவரில் ஒட்டியிருக்கிறார். ஒரு மணி நேரப் பதிவுக்கு ஏறத்தாழ 2 ஜிபி ஆகிறது. என் 38 மணி நேரச் சொச்சத்துக்கு 80 ஜிபி வந்தது. ஹார்ட் டிஸ்க் நாம்தான் வாங்கிப்போக வேண்டும். இரண்டாக வாங்கிப்போங்கள். ஒன்றை உங்கள் ஊரிலேயே வைக்காதீர்கள் என்று அவரே சொல்லி அனுப்புகிறார். தானே புயலைப் பார்த்தவர்களுக்கு அதற்கு விளக்கம் தேவையில்லை. என்னுடைய இரண்டாவது டிஸ்க் பெங்களூரில் மகள் வீட்டில் இருக்கிறது.

அந்தக் கடையிலிருந்து கடற்கரைப் பக்கம் கால் மணி நேரம் நடந்தால் செயின்ட் லூயிஸ் வீதியில் 1955இல் தொடங்கிய பிரெஞ்சு நிறுவனம் வந்துவிடும். அங்கே உள்ள சைவ ஓலைச்சுவடிகள் 2005இல் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பட்டியலில் ஏறின. எலுமிச்சைப்புல் எண்ணெய் தடவி ஒவ்வோர் ஓலையாகப் பார்த்துக்கொள்கிறார்கள். புதுச்சேரிக்கு அது பெருமை, எனக்கும் பெருமை. அதே ஊரில், அதே கடல் காற்றில், எத்தனை வீட்டுப் பரணில் எத்தனை கேசட் நமத்துக்கொண்டிருக்கிறது என்று நினைக்கும்போதுதான் பதறுகிறது. ஓலையைக் கண் இருந்தால் படித்துவிடலாம். கேசட்டுக்கு மெஷினும் வேண்டும், மெஷினுக்குப் பெல்ட்டும் ஹெட்டும் வேண்டும், அதைத் திருப்பத் தெரிந்த கையும் வேண்டும். காந்த நாடாவில் இருப்பதை மாற்றிக்கொள்ள 2025 வாக்கில் காலம் கடந்துவிடும் என்று யுனெஸ்கோவும் ஐஏஎஸ்ஏவும் 2019இலேயே எச்சரிக்கைத் திட்டம் ஒன்றைத் தொடங்கின. அண்ணனிடம் இப்போது மூன்று டெக் ஓடுகிறது. நான்காவதைப் பிரித்து உதிரிபாகமாக வைத்திருக்கிறார். உருகிப் பிசினாகிப்போன ரப்பர் பெல்ட் ஒன்றைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, இதற்கு மாற்று கிடைப்பது வருஷத்துக்கு வருஷம் குதிரைக் கொம்பாகிறது என்றார்.

குறைகளும் உண்டு. மூன்று வாரத்தில் தருவதாகச் சொன்ன வேலை ஏழு வாரம் இழுத்தது. ஒரு மணி நேரக் கேசட்டுக்கு ஒரு மணி நேரம் ஓடித்தான் ஆக வேண்டும், அது எனக்குப் புரிகிறது. ஆனால் தாமதமாகும் என்று ஒரு போன் செய்திருக்கலாம். நான்தான் நான்கு தடவை கூப்பிட்டேன். இரண்டு கேசட்டில் முதல் பக்கத்துக்கும் இரண்டாம் பக்கத்துக்கும் பெயர் மாறிவிட்டிருந்தது. சொன்னதும் திருத்திக் கொடுத்தார், ஆனாலும் முழுக்கக் கேட்டுப் பார்க்காதவர்கள் ஏமாந்துவிடுவார்கள். வாங்கியதும் ஒவ்வொரு ஃபைலையும் நோட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அச்சடித்த பில் கிடையாது. கல்லூரி நிதியில் செய்ய நினைப்பவர்களுக்கு இது பெரிய தடை, நான் சொந்தப் பணத்தில்தான் செய்தேன். மாடிப்படி செங்குத்து, கைப்பிடி ஒரு பக்கம்தான். ஒரு மணியிலிருந்து நான்கு மணிவரை மூடியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதிச் சந்தையில் நுழைந்து கடை இருக்கும் சந்து எது என்று கண்டுபிடிப்பதற்குள் களைத்துவிடுவீர்கள், வார நாளில் காலையில் போங்கள்.

ஃபைல்கள் கையில் வந்ததும், சித்திரை மாதம் ஒரு நாள் அந்த ஊருக்குப் போனேன். பாடிய அம்மா இப்போது இல்லை. அவருடைய மகன் வழிப் பேத்தி இருக்கிறார், நாற்பது வயதுக்கு மேல் இருக்கும், முந்திரிக்கொட்டை உடைக்கும் வேலை. புளூடூத் ஸ்பீக்கரை எடுத்ததும் கையைப் பிடித்துக்கொண்டார். "வூட்டுல வேணாம்க்கா" என்று சொல்லிப் பழைய மோட்டார் கொட்டகைக்குக் கூட்டிப்போனார். 28 வருஷத்துக்கு முன்பு அவருடைய ஆயா என்னைக் கூட்டிப்போனதும் இப்படித்தான். அங்கே போட்டேன். முதலில் இருமல், அப்புறம் என் இளவயதுக் குரல் ஊர் பேர் கேட்கிறது, அப்புறம் "எழுதிக்கினியா பாப்பா?" என்று அந்த அம்மா. அந்த ஒரு சொல்லுக்கே பேத்தி முந்தானையை வாயில் பொத்திக்கொண்டார். ஆயா அவரையும் அப்படித்தான் பாப்பா என்று கூப்பிடுவாராம்.

சாலையோரம் வந்ததும், சாலையா ஆலையா என்று அவரிடமே கேட்டேன். "சாலதான். பண்ருட்டி ரோட்டு புளிய மரத்தச் சொல்லுது" என்றார் ஒரு நொடிகூட யோசிக்காமல். ரோட்டுப் புளிய மரத்தை ஏலம் எடுத்தவன் காவல் போட்டுவிடுவான், புளி உலுக்கும் காலத்தில் கீழே யாரையும் உட்கார விடமாட்டான், கூலி வேலை முடிந்து வரும் பொம்பளைகளை எழுப்பி விரட்டுவான் என்று விளக்கினார். மரமிருக்க நிழலில்லையே என்ற அடியை நான் விதவையின் தனிமைக்கு உவமை என்று மட்டும் படித்திருந்தேன். அந்த உவமை எங்கிருந்து வந்தது என்பதை அந்தக் கொட்டகையில் ஐந்து நிமிடத்தில் தெரிந்துகொண்டேன். அவர் அனுமதி கேட்டு அந்த விளக்கத்தையும் போனில் பதிந்து, அதே கேசட்டின் ஃபைலோடு சேர்த்து வைத்திருக்கிறேன்.

அடுத்த பாட்டில் ஆயா தன் மச்சாண்டார் பேரைச் சொல்லி, காணியைப் பிடுங்கிக்கொண்டதைச் சொல்லி மண்ணை வாரித் தூற்றுகிறார். பேத்தி நிறுத்தச் சொன்னார். "இத மட்டும் யாருக்கும் போட்றாதீங்கக்கா. அவங்க புள்ளைங்க இப்ப எங்களோட நல்லா இருக்காங்க." ரேடியோ அண்ணனின் ஐந்தாவது கட்டம் அங்கே நிரம்பியது. நடவுப் பாட்டு எல்லோருக்கும். சாலையோர ஒப்பாரி படிப்பவர்களுக்கும் ஆய்வாளர்களுக்கும். அந்தக் கடைசிப் பாட்டு குடும்பத்துக்கு மட்டும். இப்படி இதுவரை ஏழு குடும்பங்களைத் தேடிக் கண்டுபிடித்திருக்கிறேன். எல்லாம் முடிந்ததும், திறந்து வைக்கலாம் என்று சொன்னவற்றின் பிரதியை எங்கள் கல்லூரி நூலகத்துக்கும் வெளியே ஒரு காப்பகத்துக்கும் தர எண்ணம். ஆய்வாளர்கள் பதிந்த இசையையும் வாய்மொழி மரபையும் வைப்பாக ஏற்றுக் காக்கும் காப்பகம் ஒன்றை அமெரிக்கன் இன்ஸ்டிடியூட் ஆஃப் இண்டியன் ஸ்டடீஸ் 1982 முதல் நடத்துகிறது, இப்போது குருகிராமில் இருக்கிறது. ஆய்வேட்டின் அந்த இரண்டு பக்கத்துக்கும் திருத்தம் எழுதி, ஒலியின் துண்டோடு சேர்த்தே கொடுக்கப்போகிறேன். நான் இப்போது கேட்பதும் தவறு என்று நாளைக்கு ஒருவர் சொல்ல அவருக்கு வழி இருக்க வேண்டும்.

மீதியுள்ள இரண்டும் பூஞ்சை முற்றிய சி-60கள். அண்ணன் நாடாவை வேறு கூட்டுக்கு மாற்றி, ஓரத்தைக் கையால் துடைத்துக்கொண்டிருக்கிறார், ஒரு நாளைக்குப் பத்து நிமிட நாடாதான் நகர்கிறது. அதில் ஒன்றின்மேல் என் கையெழுத்தில் அந்த ஆயாவின் பேரும் "2" என்ற எண்ணும் இருக்கிறது. பேத்தி போன வாரம் போன் செய்து அது எப்போது வரும் என்று கேட்டார். ஆடி போகட்டும் என்று அண்ணன் சொல்லியிருக்கிறார், அதையே அவரிடமும் சொல்லியிருக்கிறேன்.